முப்பத்திரண்டு இதழ்

என் முதல் அலை, அடிக்கவேண்டியதைவிட 8.88 மடங்கு மெதுவாக அடித்தது.

6.28 மடங்கு என்றிருந்தால் பிழைத்திருப்பேன். இயற்பியல் படித்த எவரும் அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் வாய்க்குள் சிரித்துக்கொண்டு, “இரண்டு பை” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நொடிக்கு இத்தனை சுற்று என்று அதிர்வெண்ணைச் சொல்வது ஒரு வழக்கம். நொடிக்கு இத்தனை ரேடியன் என்பது இன்னொரு வழக்கம். இரண்டுக்கும் நடுவே 6.28 படுத்திருக்கிறது. எங்கள் தெருமுனை நாய் மாதிரி. குரைக்கும், ஆனால் தெரிந்த நாய். இந்த 8.88 யார் வீட்டு நாய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதன் முகத்தைப் பார்த்தபடி பதினொரு நாள் உட்கார்ந்திருந்தேன்.

காந்தப்புலத்தால் கட்டிவைத்த பிளாஸ்மாவில், அதிவேகத் துகள்கள் எழுப்பும் அலைகளைக் கணினிக்குள் எழுப்பிப் பார்ப்பது என் வேலை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கால் நனைக்கும் படித்துறை ஒன்று உண்டு. உலகின் பல குழுக்கள் தாங்கள் எழுதிய நிரல்களை ஒரே கணக்கில் ஓட்டி, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2018இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். பெரிய ஆரம் 10 மீட்டர், சிறிய ஆரம் 1 மீட்டர், காந்தப்புலம் 3 டெஸ்லா. இப்படி ஒரு டோகமாக், அதாவது பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் காந்த வளையம், உலகத்தில் எங்கும் கிடையாது. தெற்கு பிரான்சில் எழும்பிக்கொண்டிருக்கும் இணைவு உலையான ஐட்டரின் ஆரங்கள் 6.2 மீட்டரும் 2 மீட்டரும். அது மெதுவடை என்றால் இது சைக்கிள் டியூப். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். டியூபின் நீளவாக்கில் ஒரு சுற்று போய்வந்தால் ஆறு முறை ஏறி இறங்குகிற அலை ஒன்று, டியூபின் நடுவுக்கும் ஓரத்துக்கும் சரிபாதியில் எழுந்து, நொடிக்கு ஏறக்குறைய 4,18,000 ரேடியன் என்று அடிக்கவேண்டும். எனக்கு வந்தது 47,000.

நான் எழுதி வைத்திருந்தது சுற்றுக் கணக்கு. அது ஒரு திருடன். கூட வந்தவன் இன்னும் கெட்டிக்காரன். அந்தக் கணக்கில் பிளாஸ்மா ஹைட்ரஜன். வேகமாக ஓடும் கொஞ்சம் அயனிகள் மட்டுமே அதைப்போல் இருமடங்கு கனமான டியூட்டீரியம். இணைவு ஆராய்ச்சியில் இருப்பவள் கை, நிறை என்ற கட்டத்தைக் கண்டாலே டியூட்டீரியம் என்று நிரப்பிவிடும். எல்லாவற்றுக்கும் டியூட்டீரியம் போட்டேன். பிளாஸ்மாவின் நிறை இரட்டிப்பானால் அலையின் வேகம் 1.414 மடங்கு குறையும். 6.28ஐ 1.414ஆல் பெருக்கிப் பாருங்கள். இரண்டு திருடர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு மூன்றாவது ஆளாக வேஷம் கட்டி வந்திருந்தார்கள்.

இது வரைக்கும் மன்னிக்கலாம். பதினொன்றாம் நாள் இரவு நான் செய்ததைச் சொல்லவேண்டும். அந்தக் கட்டுரையை எழுதிய குழுக்களில் ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மிகவும் பணிவான கடிதம். உங்கள் மூன்றாம் பத்தியில் உள்ள எண்களில் அச்சுப்பிழை இருக்க வாய்ப்புண்டா என்று கேட்டிருந்தேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. ஒரே சொல், ஒரு கேள்விக்குறி: “ஹெர்ட்ஸா?”

அன்றிலிருந்து யாருக்காவது பணிவாகக் கடிதம் எழுதத் தொடங்கினாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

இந்த அலைகள் எதற்கு என்று கேட்பீர்கள். டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் இணைந்தால் ஒரு நியூட்ரானும் ஓர் ஆல்ஃபா துகளும் பிறக்கின்றன. நியூட்ரான் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கப் போய்விடும். அதற்கு மின்னூட்டம் இல்லை, காந்தம் அதைத் தடுக்காது. ஆல்ஃபாவுக்குக் கிடைப்பது 3.5. ஆனால் அது வீட்டோடு தங்குகிற பிள்ளை. உள்ளேயே சுற்றிச் சுற்றித் தன் சூட்டைப் பிளாஸ்மாவுக்குக் கொடுத்து அடுப்பை அணையாமல் வைத்திருக்கவேண்டியது அதுதான். ஐட்டர் எண்ணியபடி 500 மெகாவாட் தந்தால் அதில் 100 மெகாவாட் ஆல்ஃபாக்களின் கையில் இருக்கும்.

பிறந்தவுடன் ஆல்ஃபாவின் வேகம் நொடிக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர். காந்தப்புலக் கோடுகள் வீணைக் கம்பி மாதிரி. பிளாஸ்மா அவற்றில் கோத்த மணிகள். கம்பியைச் சுண்டினால் அலை ஓடும். ஐட்டரில் அந்த அலை நொடிக்கு 7,000 கிலோமீட்டர் அளவில் ஓடும். ஆல்ஃபா அதைவிட வேகமாகப் பிறந்து, மெல்ல மெல்ல வேகம் இழந்து, அலையின் வேகத்தைத் தொட்டே தீரவேண்டும். தொடும்போது வினை.

சுவீடன்காரர் ஹான்னஸ் ஆல்ஃப்வேன் 1942இல் இந்த அலையை எழுதிக் காட்டியபோது பலர் நம்பவில்லை. சிகாகோவில் ஃபெர்மி அவர் பேச்சைக் கேட்டுத் தலையை ஆட்டினார், மறுநாள் முதல் எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று துறையில் ஒரு கதை சொல்வார்கள். 1970இல் ஆல்ஃப்வேனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு தலையாட்டலுக்கு அவ்வளவு மதிப்பு. எனக்கும் பின்னால் ஒரு தலையாட்டல் கிடைத்தது; அதற்கு வருகிறேன்.

அலைக்கு ஆற்றல் எப்படி ஏறுகிறது என்பதைத் தேர் இழுக்கும்போது பார்த்திருக்கிறீர்கள். ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்து ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலுக்கு ஒரே மூச்சில் இழுத்தால் நகரும். அலையின் வேகத்தோடு ஒத்து ஓடுகிற அயனிகள்தான் வடம் பிடிப்பவர்கள். சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களும் உண்டு. சாதாரணச் சூட்டில் இருக்கும் அயனிகளும் எலக்ட்ரான்களும் அந்த வேலையைச் செய்கின்றன. இழுப்பு, கட்டையை மிஞ்சினால் அலை வளரும். தேர் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் முதலில் தூக்கி எறியப்படுபவர் வடம் பிடித்தவர்தான். அப்படி எறியப்படும் ஆல்ஃபா சுவரில் போய் மோதும். அடுப்பும் தணியும், சுவரும் கெடும்.

எல்லா அலையும் அப்படி வளர்வதில்லை. பெரும்பாலானவற்றைப் பக்கத்து அலைகளே தின்றுவிடும். ஆனால் டோகமாக்கின் உட்புறம் காந்தப்புலம் வலுத்தும் வெளிப்புறம் மெலிந்தும் இருப்பதால், சுற்றி வரும் அலை வலுவையும் மெலிவையும் மாறி மாறிச் சந்திக்கிறது. படிகத்தில் அணு வரிசையைக் கடக்கும் எலக்ட்ரான் மாதிரி. அதனால் அதிர்வெண்களில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடைவெளி விழுகிறது. அதற்குள் ஓர் அலை ஒண்டுக்குடித்தனம் வந்துவிட்டால் தின்ன ஆளில்லை. எண்பதுகளின் நடுவில் பிரின்ஸ்டனில் செங், சென், சான்ஸ் ஆகியோர் கணக்குப் போட்டுக் காட்டிய குடித்தனக்காரர் இவர். நான் தேடிக்கொண்டிருந்தவரும் இவரே.

அப்பாவிடம் இவ்வளவையும் விளக்க ஒருமுறை முயன்றேன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டோகமாக்கின் படத்தைப் பார்த்து முடிப்பதற்குள், “நடுவுல இருக்கறது பிரைமரி. சுத்தி ஓடற உன் பிளாஸ்மா ஒத்தைச் சுத்து செகண்டரி. டிரான்ஸ்பார்மர்னு சொல்லிட்டுப் போயேம்மா” என்றார். ஆமாம் என்றேன்.

“அப்ப பிரைமரில கரண்ட ஏத்திக்கிட்டே இருந்தாத்தான் செகண்டரில ஓடும். எவ்வளவு நேரம் ஏத்துவீங்க?”

இத்துறையின் பழைய தலைவலிகளில் ஒன்றை அவர் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டார். நான், “அது வேற குரூப்புப்பா” என்றேன். ஆய்வாளராக நான் கற்ற மிகப் பயனுள்ள வாக்கியம் அது.

8.88 தீர்ந்த கையோடு அடுத்தது வந்தது. அதிர்வெண் சரியாகிவிட்டது, ஆனால் அலை வளரவில்லை. ஆறு ஏறி இறங்கும் அலையை நான் கையால் கிள்ளிவிட்டு ஓட்டுவேன். அது இரண்டு அடி நடந்து படுத்துவிடும். அதிவேக அயனிகளைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் படுத்தது. மூன்று வாரம் கழித்து, குழுக் கூட்டத்தில், அதிவேக அயனிகள் இந்த அலையை அடக்குகின்றன என்று ஒரு பக்கம் போட்டுக் காட்டினேன். பல ஆண்டுகளாக மனிதர்கள் அளந்து வைத்திருப்பதற்கு நேர்மாறு. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்கள்.

காரணம் ஒரு கழித்தல் குறி. டோகமாக்கில் எந்தக் கோணம் எந்தப் பக்கம் கூடுகிறது, காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்த்தால் நேர்க்குறி என்பதை ஆளாளுக்கு ஒருவிதமாக வைத்துக்கொள்வார்கள். எத்தனை விதமாக வைத்துக்கொள்ள முடியும் என்று 2013இல் இருவர் உட்கார்ந்து எண்ணி, 16 என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் நிரல் ஒரு விதம், நான் ஊட்டிய கோப்பு இன்னொரு விதம். நான் கிள்ளிவிட்ட அலை எதிர்த்திசையில் ஓடியது. அந்தத் திசையில் ஓடுவதற்கு அயனிகள் ஆற்றல் தருவதில்லை, பிடுங்கிக்கொள்கின்றன. தேரைப் பின்னால் தள்ளிவிட்டு, கூட்டம் கூடக்கூட நகரமாட்டேன் என்கிறதே என்று மூன்று வாரம் வியந்திருக்கிறேன்.

எலக்ட்ரான் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பிழை அல்ல, பொய். புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம். எலக்ட்ரான் இலேசாக இருப்பதால் பறக்கிறது; அதைப் பிடிக்க நேரத்தை மிக நுணுக்கமாக நறுக்கவேண்டும்; கணினி திணறும். ஆகவே பலரும் எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் சோறு ஊட்டிக் கனமாக்கி, 1836க்குப் பதில் 200 என்று வைத்து ஓட்டுவார்கள். வேகம் மூன்றில் ஒரு பங்காகும், நேரம் மிச்சம். செய்யலாம், செய்ததாக எழுதவேண்டும். நான் ஓர் உரையில் உண்மையான நிறை என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து கோப்பைத் திறந்து பார்த்தேன். 200. அன்றிரவே உண்மையான நிறையோடு மறுபடி ஓட்டக் கொடுத்தேன். விடை பெரிதாக மாறவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த ஓட்டமும் ஒழுங்காக முடிந்ததா? மீக்கணினியில் ஒருவருக்கு ஒரே தடவையில் 24 மணி நேரம்தான். வரிசையில் மூன்று நாள் காத்திருந்து, உள்ளே நுழைந்து, 23 மணி 50 நிமிடம் ஓடி, நடுவில் எதையும் சேமிக்கச் சொல்லாததால் மொத்தமும் போய், மறுபடி வரிசை. ரேஷன் கடையில் நின்று முறை வந்தபோது பை கொண்டுவர மறந்தது தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது முன்னோர்மேல் பொறாமை வரும். பிரின்ஸ்டனில் பிடிஎக்ஸ் என்ற டோகமாக்கில் துகள் கற்றையைப் பாய்ச்சிச் சூடேற்றிக்கொண்டிருந்தவர்கள், காந்த உணரியின் வரைகோட்டில் விட்டுவிட்டு ஒரு துடிப்பு வருவதைக் கண்டார்கள். நடுவில் பருத்து இருபக்கமும் சிறுத்து, மத்தி மீனைத் தின்றபின் தட்டில் மிஞ்சும் முள் மாதிரியே இருந்தது. மீன்முள் என்றே பெயர் வைத்து 1983இல் எழுதினார்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் அயனிகள் வெளியே கொட்டின. கற்றை தந்த ஆற்றலில் 20 முதல் 40 சதவீதம் வீணானது. தொல்லையைக் கண்டதும் அதற்குச் சாப்பாட்டுப் பெயர் வைக்கத் தோன்றிய மனசு எனக்குப் பிடிக்கும். பிறகு 1991இல், டிஎஃப்டிஆர், டி-த்ரீ-டி என்ற டோகமாக்குகளில் நம் குடித்தனக்காரரை நேரில் பிடித்தார்கள். அயனிகளுக்கு அலையைத் தொடும் வேகம் இல்லை. அயனியை விரட்டுவதற்குப் பதில், காந்தப்புலத்தைக் குறைத்து அலையை மெதுவாக்கினார்கள். ஓடிப் பிடிக்க முடியாதவர், ஓடுகிறவரை நடக்க வைத்துவிட்டார். ஆல்ஃபாக்களே எழுப்பிய அலை, டிஎஃப்டிஆர் மூடப்பட்ட 1997இல்தான் கட்டுரையாக வந்தது.

நானும் இப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பேன் என்று நினைத்தேன். கண்டுபிடிக்கவும் செய்தேன்.

முன்னால் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த சைக்கிள் டியூபில் ஒரு கன மீட்டருக்கு 2க்குப் பின் 19 பூஜ்யம் போட்ட அளவு அயனிகள் இருக்கின்றன. அத்தனையையும் எந்தக் கணினியும் தாங்காது. 10 கோடித் துகள்களைப் பிரதிநிதிகளாக வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 40 லட்சம் கோடி அயனிகள் சார்பில் பேசுகிறார். எந்தச் சட்டமன்றத்திலும் இவ்வளவு பெரிய தொகுதி கிடையாது. பிரதிநிதிகள் குறைவாக இருந்தால் இரைச்சல் அதிகம். இரைச்சலைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்கவேண்டும். அவர்களை டியூபுக்குள் கண்ட இடத்தில் தூவவேண்டும், ஒழுங்கு தெரியக்கூடாது. கணினிக்குக் கண்டபடி என்பது தெரியாது. ஒரு விதை எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து கண்டபடி இருப்பதுபோல் தோன்றும் எண்களைப் பொரித்துத் தரும். அதே விதையைக் கொடுத்தால் அதே எண்கள்.

டியூபை நீளவாக்கில் 32 துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு குழு என்று செயலிகளிடம் ஒப்படைத்திருந்தேன்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

அதுவரை ஆறு ஏறி இறங்கும் அலையைத் தவிர மற்றதையெல்லாம் வடிகட்டி எறிந்துவிட்டுத்தான் ஓட்டுவேன். ஒருநாள் துணிந்து வடிகட்டியை எடுத்தேன். கையால் எதையும் கிள்ளிவிடவில்லை. எது எழுகிறதோ எழட்டும், இரைச்சலிலிருந்து தானாக வரட்டும் என்று விட்டேன். ஆறு வரவில்லை. வேறொன்று வந்தது. மெல்ல எழுந்து, ஏறி, ஓரிடத்தில் கம்பீரமாக நின்றது. மேலிருந்து பார்க்கிற மாதிரி படம் வரைந்தேன்: வளையம் முழுக்க ஒரே அளவில், ஒரே இடைவெளியில், செக்கச்செவேல் என்றும் நீலமாகவும் மாறி மாறி, இதழ்கள். மார்கழி மாதத்தில் எதிர்வீட்டு அக்கா போடும் தாமரைக் கோலம்கூட அவ்வளவு பிசிறில்லாமல் இருக்காது. முப்பத்திரண்டு இதழ்.

அலைகளின் பட்டியலைப் பார்த்தேன். 31 இல்லை. 33 இல்லை. குறைவு என்று சொல்லவில்லை, சுத்தமாகப் பூஜ்யம். 64 கொஞ்சம் இருந்தது, 96 துளி. இரைச்சலில் பிறந்த ஒன்று இவ்வளவு நெறியோடு இருக்குமா என்று சந்தேகப்பட்டிருக்கவேண்டும். எனக்குப் பெருமை வந்தது. ஆறாவது அலை எங்கே போயிற்று? முப்பத்திரண்டு அதை விழுங்கிவிட்டது என்று எழுதினேன். 31க்கும் 33க்கும் ஏன் இடமில்லை? அதற்கு ஒரு தேர்வு விதி தேவைப்பட்டது. ஒரு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். ஒன்பது பக்கம். அதில் ஒரு சமன்பாட்டில் 32 என்ற எண் தானாக வந்து விழுந்தது. இன்றைக்கு அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்தால் எங்கே ஏமாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. மனசு முடிவு செய்துவிட்டால் கணிதம் என்ன செய்யும், பாவம்.

படத்தை வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா அதைக் கடைவீதி ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, லேமினேஷன் போட்டு, ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினார். அதற்கு முன் அந்த ஆணியில் என் பட்டமளிப்புப் படம் இருந்தது. மாட்டிய மறுநாள் போன்.

“எண்ணிட்டேன். முப்பத்திரெண்டு இருக்கு.”

“ஆமாப்பா.”

“ஏன் முப்பத்திரெண்டு?”

“அது அப்படித்தான்ப்பா. இயற்கை.”

“அளந்து வெட்டின மாதிரில்ல இருக்கு” என்றார்.

அவருக்கு அலை என்றால் தெரியும், ஆனால் கம்பி வழியாக ஓடும் 50 சைக்கிள்தான் தெரியும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் என் தேர்வு விதி ஏழாம் பக்கத்தில் இருந்தது.

பிறகு ஒரு மாநாடு. எங்கே என்பது வேண்டாம். எனக்குச் சுவரொட்டிப் பிரிவு. பெரிய தாளில் படத்தை அச்சடித்து ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். நல்ல கூட்டம். நிறம் அப்படி. பலர் கைபேசியில் படம் எடுத்தார்கள். ஒருவர், தன் நூலின் அட்டைக்குத் தருவீர்களா என்று கேட்டார். மாலை நாலு மணிவாக்கில் ஒரு பெரியவர் வந்தார். இந்த நிரல்களில் சிலவற்றுக்குத் தாத்தா முறை அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு தாளில் படும் தூரத்தில் நின்று, உதடு அசைய எண்ணினார். அப்பா பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணியிருப்பார். இவர் பென்சில் இல்லாமல் எண்ணினார். நான் தேர்வு விதியைத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டினார்.

“வளையத்தை எத்தனை துண்டாகப் பிரித்திருக்கிறீர்கள்?”

“முப்பத்திரண்டு” என்றேன். சத்தமாக, உற்சாகமாக. என் செயலிகளின் எண்ணிக்கையைக் கேட்கிறார், வியக்கப்போகிறார் என்று நினைத்து.

சொல் வாயை விட்டுப் போய் என் காதுக்குத் திரும்பி வந்தது.

எல்லாத் துண்டுக்கும் ஒரே விதையைக் கொடுத்திருந்தேன். முப்பத்திரண்டு வீட்டிலும் அதே பத்துப் பேர், அதே நாற்காலியில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு. வளையம் முழுக்க ஒரே அச்சு முப்பத்திரண்டு தடவை. அந்த ஒழுங்கில் 32உம் அதன் மடங்குகளும் மட்டுமே இருக்க முடியும். 31க்கும் 33க்கும் இடமில்லை. தேர்வு விதி உண்மைதான், இயற்றியது நான். ஆறாவது அலையை யாரும் விழுங்கவில்லை. அது முளைப்பதற்கு வேண்டிய இரைச்சல்கூட அங்கே பூஜ்யம்.

பெரியவர் தலையை மெல்ல ஆட்டினார். ஃபெர்மி ஆட்டியதாகச் சொல்வார்களே, அந்த ஆட்டல் அல்ல. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர்கள் ஆட்டுவார்களே, அது. பிறகு, காபி இன்னும் இருக்குமா என்று கேட்டபடி நகர்ந்தார்.

இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது. தாளைக் கழற்றிச் சுருட்டியிருக்கலாம். நான் நின்றேன். அதற்குப் பின் வந்த ஐந்து பேருக்கும் விளக்கினேன். நிறங்களை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைப் பற்றி மட்டும் பேசினேன். ஒருவர் 31 ஏன் இல்லை என்று கேட்டார். “அது வேற குரூப்” என்றேன்.

அறைக்குத் திரும்பியதும், உறுதி செய்துகொள்ள, 48 துண்டாக வெட்டி ஒரு சிறு ஓட்டம் விட்டேன். காலையில் 48 இதழ். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

துண்டுக்கொரு விதை என்று திருத்த ஒரே வரிதான் தேவைப்பட்டது. திருத்தி ஓட்டியபோது, வடிகட்டியும் இல்லாமல் கிள்ளலும் இல்லாமல், இரைச்சலின் அடியிலிருந்து ஆறாவது அலை எழுந்தது. வெகுநேரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு கோடு நேராக ஏறத் தொடங்கியது. கட்டுரையில் இருந்த அதிர்வெண். கட்டுரையில் இருந்த இடம், நடுவுக்கும் ஓரத்துக்கும் சரிபாதி. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது 2018லேயே வந்ததுதானே” என்றார். ஆமாம், அதேதான்.

அந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது புதுப் படத்தைப் பெரிய அளவில் அச்சடித்துச் சுருட்டி எடுத்துப்போனேன். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொல்லவேண்டும். காரணத்தையும் சொல்லிவிடவேண்டும் என்று விமானத்தில் ஒத்திகை பார்த்தேன். ஹாலில் நுழைந்தபோது பக்கத்து வீட்டு மாமா உட்கார்ந்திருந்தார். அப்பா டிவிக்கு மேலே கையைக் காட்டி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “சூரியன் மாதிரி ஒண்ணு செய்யறாங்கல்ல, அதுக்குள்ள அடிக்கிற அலை. எம்பொண்ணு கண்டுபிடிச்சது. முப்பத்திரெண்டு. நான் எண்ணியிருக்கேன்.”

மாமா போகும் வரை காத்திருந்து, சுருளைப் பிரித்துத் தரையில் விரித்தேன். நாலு மூலையிலும் டம்ளர் வைக்கவேண்டியிருந்தது. சிவப்பும் நீலமும் வெளிறி, ஓரமெல்லாம் பிசிறாக, இரைச்சல் புள்ளி புள்ளியாகத் தெரிய, வளையத்தைச் சுற்றி ஆறு மேடு. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “பிரிண்டு சரியா விழலையா?” என்றாள். அப்பா குனிந்து, விரலை வைத்து எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார்.

“இதுல ஆறுதான் இருக்கு” என்றார்.

“அப்பா, அதுல ஒரு விஷயம்…” என்று ஆரம்பித்தேன்.

“பரவால்லம்மா, எல்லாத் தடவையும் வருமா” என்றார். டம்ளர்களை எடுத்துவிட்டு, தாளை மறுபடி சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பழைய காலண்டர்களோடு பீரோ மேல் வைத்தார்.